எழும்பிய கூரைக்கு மூன்று விலை

கண்ணாடிக்கடை அக்காவின் வீட்டுக் கூரை, மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், ஒரு வியாழக்கிழமை காலையில் சுவர்களை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி அங்கேயே நின்றுவிட்டது. ஓடு ஒன்றுகூடச் சரியவில்லை. உத்திரமும் கைமரங்களும் முகடும் வரிசை கலையாமல், கொதிக்கும் பாத்திரத்தின் மூடியை ஆவி போகட்டும் என்று யாரோ தூக்கிப் பிடித்த மாதிரி நின்றன. அக்கா அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தாள். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் திடீரென்று தெருவிளக்குக் கம்பமும் அதன் மேல் ஒரு காகமும் தெரிந்தன. வாயைக் கொப்பளித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். அவள் கையால் தேய்த்துப் பொருத்திய கண்ணாடி அது, பொய் சொல்லாது. காகம் அவளைப் பார்த்தது, அவள் காகத்தைப் பார்த்தாள், பிறகு கடைக்கு நேரமாகிவிட்டது என்று குளிக்கப் போனாள். தெருவில் கொஞ்ச நேரம் கூட்டம் நின்றது. வெயிலில் மரம் உலர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்றார் பால்காரர். பூமிக்கடியில் வாயு இருக்கிறது என்றார் ஓய்வு பெற்ற வாத்தியார். சாயங்காலத்துக்குள் பேச்சு வெங்காய விலைக்குப் போய்விட்டது.

அந்த வீடு ஒன்று, குடித்தனம் இரண்டு. அப்பா போன பிறகு வீட்டைப் பிரிக்க நில அளவைக்காரர் நாடாவோடு வந்த அன்று, லிப்ட் மெக்கானிக்கான தம்பி, நாலு பேர் முன்னிலையில், கல்யாணம் ஆகிப் போன பொண்ணுக்கு வீடு எதுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னான். அக்கா அப்போது கணவனைப் பறிகொடுத்துவிட்டு ஒரு பெட்டியோடு திரும்பி வந்திருந்தாள். பத்திரப்படி தன் பங்கை வாங்கிக்கொண்டாள், கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவர் எழுப்பச் சொன்னாள். அந்தச் சுவர் நடுக்கூடத்தை வெட்டி, சமையலறையையும் விடாமல் பிளந்துகொண்டு போனது. அடுப்பு மேடை அக்காவுக்கு, ஜன்னல் தம்பிக்கு. அக்கா புகையில் சமைத்தாள், தம்பி வீட்டார் நல்ல காற்றோட்டத்தில் தரையில் ஸ்டவ் வைத்துக் குனிந்து சமைத்தார்கள். தரையைப் பிரித்தவர்களுக்குக் கூரையைப் பிரிக்கத் தோன்றவில்லை. முகட்டில் ஒழுகல் கண்டபோது அது நேராகச் சுவரின் தலையில் இறங்கி, யாருக்கும் வஞ்சகம் இல்லாமல் இரண்டு பக்கமும் சமமாக வழிந்தது. அவள் ஆள் கூப்பிடட்டும் என்று இவன் இருந்தான், அவன் கூப்பிடட்டும் என்று இவள் இருந்தாள். பல மழைக்காலங்கள் இரண்டு பக்கமும் பக்கெட் வைத்தே கழிந்தன.

கூரை எழும்பியதும் வெளிச்சுவருக்கு மேல் திறந்த மாதிரியே நடுச்சுவருக்கு மேலும் ஒரு முழம் திறந்துகொண்டது. அக்கா இதை முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போதுதான் கவனித்தாள். அந்தப் பக்கம் தம்பி தண்ணீர் குடிக்கும் மடமட சத்தம், சின்ன வயதில் இருந்த அதே அவசரத்தோடு, பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பது போலக் கேட்டது. இவள் தாளித்தால் அங்கே தும்மினார்கள். அங்கே ரேடியோ போட்டால் இவள் கால் தாளம் போட்டது. போட்ட காலை அவளே அதட்டினாள். புகை மட்டும் முதல் தடவையாக வீட்டை விட்டு ஒழுங்காக வெளியே போயிற்று.

இரண்டு பேரும் தனித்தனியாக ஆள் கூப்பிட்டார்கள். அக்கா கூப்பிட்டது ஒரு கம்பெனியை. சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திய ஓர் இளைஞர் வந்து, கேமரா கட்டிய சின்ன விமானத்தைக் கூரைக்கு மேலே பறக்கவிட்டு, வீட்டுக்குள் வராமலே, மொத்தமும் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்றார். சொன்ன தொகையில் ஒரு நல்ல கார் வாங்கலாம். இன்று மாலைக்குள் கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி உண்டு, மேடம், என்றார். கூரை சுவரில் படாமல் நிற்கிறதே, அதற்கு என்ன செய்வீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, அது உத்தரவாதத்தில் வராது என்றார். தம்பி கூப்பிட்ட ஆள் மோட்டார் சைக்கிளில் வந்தார். வண்டியை விட்டு இறங்காமலே அண்ணாந்து பார்த்து, இதெல்லாம் ஒரு வேலையா சார் என்று சிரித்து, கம்பெனி சொன்னதில் கால்வாசி விலை சொன்னார். முக்கால் பங்கு முன்பணம் வேண்டும், சனிக்கிழமை சாமான்களோடு வந்துவிடுவேன் என்றார். சனிக்கிழமை வந்தது, ஆள் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. போன் முதலில் அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அடிப்பதையும் நிறுத்திக்கொண்டது.

இதையெல்லாம் அக்கா சுவருக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். வந்துடுவான், வந்துடுவான் என்று தம்பி மனைவியிடம் சொல்லும் குரல் ஒவ்வொரு நாளும் ஒரு பிடி இறங்கிக்கொண்டே வந்தது. நன்றாக வேண்டும் என்று நினைக்க அக்கா உட்கார்ந்து முயற்சி செய்து பார்த்தாள். வரவில்லை. ஏமாந்தவனின் மௌனம் அவளுக்குத் தெரிந்த மௌனம். பள்ளிக்கூடத்தில் பென்சில் பெட்டியைப் பறிகொடுத்துவிட்டு வந்த நாளிலும் அவன் இப்படித்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

மேற்கே முதல் கருமேகம் திரண்ட சாயங்காலம், நடுச்சுவருக்கு மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது. தம்பி மனைவி நாற்காலி போட்டு ஏறியிருந்தாள். ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், எதையும் இரண்டு தடவை சரிபார்த்துத்தான் பேசுவாள்.

"அண்ணி, நான் நேரா கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க கடைக்கு ஊரே வருது. யார் வீட்டுக் கூரை ஒழுகாம இருக்குன்னு கேட்டுப் பாருங்களேன். போன் நம்பரைப் பாத்துக் கூப்பிட்டு ரெண்டு பக்கமும் பட்டாச்சு. இனிமே மழையில நனையாத வீட்டைப் பாத்துக் கூப்பிடலாம்."

"உன் வீட்டுக்காரர் அனுப்பினாரா?"

"அவரா? அவர் கேட்டா நான் பல்லி அடிக்க ஏறினேன்னு சொல்லுவேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் முதல், கண் சோதிக்க வந்தவர்களையெல்லாம் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்து, மேல் வரிசையைப் படிக்கச் சொல்வதற்கு முன் உங்கள் வீட்டுக் கூரையை யார் போட்டது, எத்தனை மழை தாங்கியது, சொன்ன விலைக்கு மேல் கேட்டார்களா என்று விசாரித்தாள். நான்கைந்து பேர் ஒரே பேரைச் சொன்னார்கள். அதையும் அப்படியே நம்பிவிடாமல், ஞாயிற்றுக்கிழமை அந்த வீடுகளுக்கே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள். பிறகுதான் ஏணியம்மாவைக் கூப்பிட்டாள்.

ஏணியம்மா வருவதற்கு முன் அவர் குரல் வரும். வாட்டசாட்டமான பெண்மணி, தோளில் ஏணி, இடுப்பில் சுத்தியல், வாயில் ஓயாத பேச்சு. வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றினார், ஏணியைச் சாய்த்து ஏறினார், சுவருக்கும் கூரைக்கும் நடுவே தலையை விட்டு உள்ளே பார்த்தார், விசில் அடித்தார். இறங்கி வந்ததும், அரைக் கூரைக்கு விலை சொல்லத் தனக்குத் தெரியாது, இரண்டு பாகத்தாரும் ஒன்றாக வந்து நின்றால்தான் வாயைத் திறப்பேன் என்றார். அதுவரைக்கும் அவர் வாய் மூடியிருக்கவில்லை என்பதை யாரும் சொல்லிக் காட்டவில்லை. அக்கா வந்து நின்றாள். தம்பி வந்து, ஒரு ஆள் படுக்கிற இடைவெளி விட்டு, எதிர்வீட்டுக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கம்பெனிக்காரர் மொத்தமும் மாத்தணும்னு சொன்னாராமே, எந்த ஓடு உடைஞ்சிருக்குன்னு காட்டினாரா? முகட்டுல ஒரு வரிசை போயிடுச்சு. கைமரத்துல நாலஞ்சைக் கரையான் தின்னுடுச்சு. மிச்சம் உங்க பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் நிக்கும். அப்புறம் அந்த மோட்டார் சைக்கிள். விலை கம்மின்னு நினைச்சீங்க தம்பி. அவன் ஓட்டுக்கு மட்டும் சொன்னான். சாரம் கட்டுறது யாரு, மரம் யாரு, உடைஞ்சதை அள்ளிக் கொட்டுறது யாரு? பாதி வேலையைச் சொல்லாம விட்டா விலை கம்மியாத்தான் இருக்கும்."

பிறகு ஓடு இவ்வளவு, மரம் இவ்வளவு, சாரம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று விரலை மடக்கிச் சொன்னார். அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள், பழைய கூரையைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று கடவுளுக்கே தெரியாது என்றார். சாமான் இறங்கியதும் ஒரு பங்கு, பாதி வேலையில் ஒரு பங்கு, முதல் மழை பெய்து சொட்டு விழாவிட்டால் மிச்சம்.

"கூரை மேல நிக்குதே, அதுக்குத் தனி விலையா?" என்று அக்கா கேட்டாள்.

"அதுக்கு ஏணி ஒரு முழம் நீளமா வேணும். அவ்வளவுதான். என்கிட்ட இருக்கு."

எனக்குச் சம்மதம், அவங்களுக்குச் சம்மதமான்னு கேளுங்க என்று தம்பி ஏணியம்மாவிடம் சொன்னான். அவர் பாதியைக் குடுப்பாரான்னு கேளுங்க என்று அக்கா ஏணியம்மாவிடம் சொன்னாள். ஏணியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தபால் சேர்ப்பதற்குத் தனிக் கூலி உண்டு என்றார்.

வேலை நடந்தது. கரையான் தின்ற கைமரங்கள் இறங்கின, புதியவை ஏறின. முகட்டோடுகள் சாந்தில் பதிந்தன. கூரை நிற்கும் உயரத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. வேலையாட்கள் அந்த இடைவெளியில் சோற்றுத் தூக்குகளை வைத்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்ததும், கூரையைக் கீழே இறக்கிச் சுவரில் உட்கார வைப்பது தன் பொறுப்பு என்றார் ஏணியம்மா. லேசாகிப்போன கூரைக்குப் பாரம் ஏற்றினால் தானாக இறங்கும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று மணல் மூட்டைகளை ஏற்றி முகட்டின் இரு புறமும் அடுக்கினார். முகட்டு வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான், நிறுத்தி வைத்திருக்கும் இரண்டாவது பங்கைத் தருவேன் என்று அக்கா சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். அக்கா ஏறினதால் தம்பியும் ஏறினான். கடைசி மூட்டையை வைத்ததும், முதுகில் ஈ உட்கார்ந்த மாட்டைப் போலக் கூரை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, மூன்று பேரோடும் அத்தனை மூட்டைகளோடும் மேலே கிளம்பியது.

வேகமாகப் போகவில்லை. கொடியில் காயும் துணிகளைத் தாண்டியது, தெருவிளக்குக் கம்பத்தைத் தாண்டியது, தண்ணீர்த் தொட்டியின் உயரத்துக்குப் போய் நிதானித்தது. கீழே பேருந்து ஒன்று நின்று, பயணிகள் ஜன்னல் வழியாகக் கை அசைத்தார்கள். அக்காவுக்குத் தன் கடையின் பெயர்ப் பலகையில் ஓர் எழுத்து உதிர்ந்திருப்பது அங்கிருந்துதான் தெரிந்தது. கீழே அவர்களுடைய வீடு, மூடி திறந்த பெட்டியாக, நடுவில் ஒரு கோடு போட்டுக் கிடந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டில், அந்தப் பக்கம் ஒரு கட்டில், இரண்டும் அதே சுவரில் தலை வைத்து. இத்தனை வருடமாகத் தம்பியின் தலைக்கும் தன் தலைக்கும் நடுவே ஒரு செங்கல் கனம்தான் இருந்தது என்பதை அக்கா அப்போதுதான் பார்த்தாள்.

தம்பி எதையும் பார்க்கவில்லை. முகட்டைக் கட்டிப்பிடித்துக் கண்ணை இறுக மூடியிருந்தான்.

"கயிறு இல்லாம மேல போற எதுவும் எனக்குப் பிடிக்காதுக்கா," என்றான்.

இத்தனை காலத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. அக்கா ஓடுகளின் மேல் நகர்ந்து போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடிச்சிருக்கேன். கண்ணைத் தொற."

"அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன்."

"எது?"

"உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாக்கணும்."

காற்று அடித்தது. ஏணியம்மா வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"கல்யாணம் ஆகிப் போன பொண்ணுக்கு வீடு எதுக்குன்னு கேட்டேன். கேட்ட உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். சாயங்காலம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கொத்தனார் வந்துட்டாரு. சுவர் வந்த பிறகு எந்தப் பக்கம் நின்னு மன்னிப்புக் கேக்குறதுன்னு தெரியலைக்கா."

அக்கா காலரை விடவில்லை. கண் கலங்கியது, கண்ணாடி மங்கியது, அதைத் துடைக்க ஒரு கை போதவில்லை. அந்த வார்த்தையை அவள் எத்தனையோ நாள் தனக்குள் சொல்லிச் சொல்லித் தேய்த்திருந்தாள். இப்போது அவன் வாயால் கேட்டதும், தேய்ந்து தேய்ந்து அதில் கூர் எதுவும் மிஞ்சவில்லை என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மோட்டார் சைக்கிள்காரனுக்கு எவ்வளவு குடுத்தே?" என்று கேட்டாள். அவன் சொன்னான். "அடப்பாவி!" என்று தொடங்கிய அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்து அவனும் சிரித்தான், கண்ணை மூடியபடியே.

"குலுங்காதீங்க, சாந்து இன்னும் காயல!" என்று கத்தினார் ஏணியம்மா. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மூட்டை வைத்தது தன் தப்பு, அந்தச் செலவு தன் தலையில், பில்லில் வராது என்றார். தப்பை ஒத்துக்கொள்ளும் ஆளைத்தான் வேலைக்கு வைத்திருக்கிறோம் என்று அக்காவுக்கு அந்த உயரத்திலும் ஒரு திருப்தி ஏற்பட்டது.

எதற்காகவோ ஏறிய கூரை அதேபோல எதற்காகவோ இறங்கியது. தம்பி மனைவி தெருவில் நின்று, சாப்பாடு ஆறுது, இறங்குறீங்களா இல்லையா என்று கூப்பிட்டதால்தான் இறங்கியது என்று சொல்பவர்கள் உண்டு. அது ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டது என்று பேருந்து ஓட்டுநர் சொன்னார். எப்படியோ, பழைய இடத்துக்கு வந்து, பழையபடி ஒரு முழம் விட்டு நின்றது. அன்று மூன்று பேருக்கும் தம்பி வீட்டு ஜன்னலடியில்தான் சாப்பாடு. அக்கா தன் அடுப்பு மேடையிலிருந்து ஊறுகாய் ஜாடியைச் சுவருக்கு மேலே நீட்டிவிட்டு, தெருவழியாகச் சுற்றி வந்து உட்கார்ந்தாள்.

சாப்பிட்டுக்கொண்டே தம்பிதான் வழி சொன்னான். லிப்டைத் தரையில் உட்கார வைத்தா காப்பாற்றுகிறோம், கம்பியில் பிடித்துத்தானே வைத்திருக்கிறோம், இது கீழே வர வேண்டிய அவசியமே இல்லை, எங்கேயும் போகாமல் இருந்தால் போதும் என்றான். வேலை செய்யும் இடத்தில் கழற்றிப் போட்டிருந்த இரும்புக் கம்பிகளைச் சொல்லி வாங்கி வந்து, நான்கு மூலைகளிலும் கொக்கி அடித்து, ஸ்பிரிங் வைத்துக் கட்டினான். மழைச்சாரல் அடிக்கும் மேற்குப் பக்கம் இடைவெளியைச் செங்கல்லால் உயர்த்த வேண்டும், மற்ற மூன்று பக்கமும் கண்ணாடி போதும், ஆனால் கூரை அசையும்போது கண்ணாடி இடிபடாமல் ரப்பர் விளிம்பு வேண்டும் என்றார் ஏணியம்மா. கண்ணாடியை அக்கா பார்த்துக்கொண்டாள். செங்கல் எவ்வளவு ஆகும் என்று அவள் கேட்டபோது, தம்பி எழுந்து போய் நடுச்சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"வெளியே ஏன்க்கா காசு குடுக்கணும்? நல்ல செங்கல் வீட்டுக்குள்ளேயே இருக்கு."

இரண்டு நாளில் எழுந்த சுவர் அரை நாளில் இறங்கியது. அடுப்பும் ஜன்னலும் ஒரே அறைக்கு வந்து சேர்ந்தன. மேற்குச் சுவர் உயர்ந்த பிறகும் செங்கல் மிஞ்சியது. ஏணியம்மா அதை விலைக்கு எடுத்துக்கொண்டு கூலியில் கழித்தார். முதல் மழை ஒரு மத்தியான வேளையில் வந்தது. பழக்கதோஷத்தால் எல்லோரும் பக்கெட்டுகளையும் குண்டான்களையும் பரப்பி வைத்துக் காத்திருந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. பாத்திரங்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தன. மூன்று பக்கமும் கண்ணாடிக்கு வெளியே, கூரை விளிம்பிலிருந்து மழை திரைச்சீலையாக இறங்கியது. தம்பி மனைவி ஏணியம்மா மாதிரி ஓயாமல் பேசுகிறவள் அல்ல. அன்று மட்டும், பாருங்க, பாருங்க என்று ஒவ்வொரு பக்கமாக எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனாள். ஏணியம்மா நனைந்தபடியே வந்து நின்று அண்ணாந்து பார்த்து, மிச்சப் பங்கை வாங்கி எண்ணாமல் இடுப்பில் செருகிக்கொண்டு, தலை துவட்டத் துண்டு கேட்டார்.

அதன் பிறகு மழைகள் பல வந்து போயின. கம்பெனி இளைஞருக்குக் கிட்டப்பார்வை என்று தெரிந்து, அக்கா கடையில்தான் கண்ணாடி போட்டுக்கொண்டார். கோடையில் கூரை ஒரு சாண் கூடுதலாக எழும்பும், கம்பிகள் மெல்லப் பாடும். தம்பி எண்ணெய் விடுவான், முகட்டுப் பக்கம் மட்டும் போக மாட்டான். தம்பிக்குப் பெண் பிறந்தபோது கூரை ஒரு வாரம் தண்ணீர்த் தொட்டி உயரம் போக முயன்று கம்பியை இழுத்துப் பார்த்தது; தொட்டிலுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கிறது என்று யாரும் அதைத் தடுக்கவில்லை. வீட்டு வரிக்காக அளக்க வந்த அதிகாரி உயரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது என்று சற்று யோசித்துவிட்டு, தரைக்கு மட்டும் வரி போட்டுப் போனார்.

போன மாதம் பக்கத்து வீடு விலைக்கு வந்தது. வாங்க வந்தவர் மனைவியோடு முற்றத்தில் நின்று எல்லாம் பார்த்துவிட்டு, மதில் ஓரமாகத் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்காவிடம், உங்கள் கூரையால் எங்கள் பக்கம் ஏதாவது தொந்தரவு வருமா என்று தயங்கிக் கேட்டார்.

"காத்தடிச்சா கொஞ்சம் ஆடும்," என்றாள் அக்கா. "வேற ஒண்ணும் பண்ணாது."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். மனைவி முழங்கையை இடித்ததும் அவரே கேட்டார்.

"இந்த வீட்டு முகட்டுலயும் ஒழுகல் இருக்குதாம். உங்களுக்கு யார் வேலை பாத்தாங்க?"

அக்கா கையில் இருந்த துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, ஏணியம்மாவின் நம்பரைச் சொன்னாள்.